31.4 டிகிரியை நம்பாதீர்கள்

"இடுப்பு மூட்டுக் கோணத்தை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே அளந்துவிடுகிறது. மனிதக் கை படுவதில்லை. அதனால் தவறு வர வழியே இல்லை." ஸ்கேன் சென்டர் விளம்பரங்களில் இந்தப் பேச்சு இருக்கிறது. மருத்துவர்கள் கூடும் மேடைகளிலும் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாணியம்பாடியிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வேலூருக்கு ரயில் ஏறுகிறவர்களும் இதையே நம்பிக்கொண்டு வருகிறார்கள். மூன்று வாக்கியங்களில் முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது தவறு. அந்தத் தவறு ஒரு குழந்தையின் காலில் போய் முடியக்கூடியது என்பதால்தான் இவ்வளவு மெனக்கெட்டு மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எதை அளக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. அது போய் உட்காரும் குழி இடுப்பெலும்பில் இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே அந்தக் குழியின் கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். பந்துக்குப் பிடிமானம் போதாது. சிலருக்குப் பந்து வெளியே நழுவியே போயிருக்கும். முதல் சில மாதங்களில் கண்டுபிடித்துவிட்டால் துணிவார் பெல்ட் மாட்டிச் சரிசெய்யலாம். பிள்ளை நடக்க ஆரம்பித்து, சாய்ந்து சாய்ந்து நடக்கிறாளே என்று கவனித்த பிறகு கண்டுபிடித்தால் பெரும்பாலும் கத்திதான். கூரை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் அளக்கும் வழியை 1925-ல் சொன்னவர் ஹில்கென்ரைனர். இரண்டு பக்கக் குழிகளின் அடியிலும் இன்னும் எலும்பாகாத குருத்தெலும்பு இருக்கும். அந்த இரு இடங்களையும் இணைத்துக் குறுக்கே ஒரு கோடு. குழியின் அடியிலிருந்து கூரையின் வெளிவிளிம்புக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள சாய்வுதான் அசிட்டாபுலர் இண்டெக்ஸ். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 30 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. வயது ஏற ஏற இது இறங்கிக்கொண்டே வர வேண்டும்.

நூறு வருடமாகப் பென்சிலும் பாகைமானியும் வைத்துச் செய்த வேலை இது. இப்போது மென்பொருள் அந்த நான்கு புள்ளிகளைத் தானே கண்டுபிடித்து, தானே கோடு போட்டு, "இடது 31.4°" என்று எழுதித் தருகிறது. வேலை மிச்சம் என்பதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு 31-க்குப் பின்னால் நிற்கும் அந்தப் 'புள்ளி நான்கோடு'தான்.

ஒரு வயதுக் குழந்தைக்கு அந்தக் கூரைக்கோட்டின் நீளம் சுமார் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளிமுனைப் புள்ளியை 1 மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் கோணம் கிட்டத்தட்ட 3 டிகிரி மாறும். பள்ளிக்கூடக் கணக்குதான், யாரும் போட்டுப் பார்க்கலாம். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 0.1 டிகிரியைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் அந்தப் புள்ளி ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குக்குள் சரியாக இருக்க வேண்டும். தலைமுடி அதைவிடத் தடிமன். எக்ஸ்ரே படத்தின் ஒரு பிக்செலே அதைவிடப் பெரிது. போதாததற்கு, அந்த வெளிமுனை எது என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. எலும்பின் கடைசி விளிம்பு என்பார் ஒருவர். பாரம் தாங்கும் பகுதியில் வெள்ளையாக அடர்ந்து தெரியும் புருவம் போன்ற கோடு எங்கே முடிகிறதோ அதுதான் என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரே இடத்தில் விழாத குழந்தைகளுக்கு இரண்டு கோணங்கள் வரும். மென்பொருள் எந்தக் கட்சி என்பது அறிக்கையில் எழுதப்படுவதில்லை. அப்படியிருக்க 31-க்குப் பிறகு வரும் அந்த .4 எங்கிருந்து வந்தது? கணக்குப் போடும் கருவி எத்தனை தசமம் கேட்டாலும் கொடுக்கும் என்பதால் வந்தது, வேறு காரணமில்லை.

இது சின்ன விஷயம் என்று சொல்பவர்கள் எக்ஸ்ரே அறைக்குள் போய்ப் பார்க்கட்டும். மேஜை ஜில்லென்று இருக்கிறது. மேலே பெரிய கருவி தொங்குகிறது. பதினான்கு மாதப் பிள்ளை வீறிடுகிறது. ஈய ஏப்ரன் மாட்டிய அம்மா ஒரு பக்கம், "காலை நேராப் பிடிச்சுக்கம்மா, முட்டி மேல பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே டெக்னீஷியன் இன்னொரு பக்கம். பிள்ளை அம்மாவைப் பார்க்க முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. இடுப்பில் வெள்ளி அர்ணாக்கொடி, கழற்றச் சொன்னால் பாட்டிக்கு முகம் சுருங்குகிறது, "அதைக் கொஞ்சம் மேல ஏத்தி விட்டா ஆகாதா?" என்கிறார். ஆகாது. மேலே ஏற்றிய கொடி பிள்ளை உதைக்கிற உதையில் நழுவி, இடுப்பெலும்பின் மேலேயே வெள்ளைக் கோடாக விழும். இனப்பெருக்க உறுப்புகளைக் காக்க வைக்கிற ஈயத் தகடு ஒரு விரல் இடம் மாறினால், குறுக்குக்கோடு போட வேண்டிய குருத்தெலும்பையே மறைத்துவிடும். வெளியே அடுத்த டோக்கன் கதவைத் தட்டுகிறது. இத்தனைக்கும் நடுவே ஒரு நொடி பிள்ளை அசையாத நேரம் பார்த்து பட்டனை அமுக்குகிறார் அந்த மனிதர். கோணம் அந்த நொடியில் முடிவாகிவிடுகிறது. பிறகு யார் கோடு போட்டாலும் அவர் பிடித்த படத்தின் மேல்தான் போட வேண்டும்.

இடுப்பு இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பியிருந்தால், நிஜத்தில் சமமாக இருக்கும் இரண்டு மூட்டுகளும் படத்தில் வேறுவேறு கோணம் காட்டும். முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து மாறும். இது தெரிந்துதான் ஜெர்மானிய மருத்துவர் டென்னிஸ் ஒரு சோதனை சொல்லிவைத்தார். இடுப்பெலும்பின் கீழே இரண்டு பக்கமும் முட்டை வடிவத் துளைகள் தெரியும் அல்லவா, அவற்றின் அகலங்களை வகுத்துப் பார். விகிதம் 0.56-க்கும் 1.8-க்கும் இடையில் இருந்தால் அளக்கலாம். வெளியே போனால் அந்தப் படத்தை அளக்காதே. ஒரு நிமிட வேலை. விளம்பரத்தில் மென்பொருளின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், இந்த விகிதத்தை அறிக்கையில் ஒரு வரியாவது போடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தோல் தொழில் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. டேனரியில் முடிந்த தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. அளக்கிற மெஷின் எலக்ட்ரானிக். தோலை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் வருவதற்குள் எண் விழுந்துவிடும். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆம்பூரில் யாரும் வியாபாரம் பேசுவதில்லை. தோலை டாகிள் சட்டத்தில் எவ்வளவு இழுத்துக் காயவைத்தார்கள், ஈரப்பதம் எவ்வளவு, மடிப்பில்லாமல் விரித்து விட்டார்களா, இதெல்லாம் சேர்ந்துதான் அடி கூடும், குறையும். மெஷின் பொய் சொல்லவில்லை. தனக்குள் எப்படி வந்ததோ அந்தத் தோலை அளந்தது. ஆட்டுத்தோலுக்கு இவ்வளவு விவரமாக இருக்கிற நாம், பிள்ளையின் இடுப்புக்கு மட்டும் மெஷின் சொன்னதே முடிவு என்று தலையாட்டுகிறோம்.

எக்ஸ்ரேயில்தான் இந்தத் தொல்லை, பச்சைக் குழந்தைக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டில் இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. முதல் நான்கைந்து மாதம் வரை தொடை எலும்பின் பந்து பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியாது. அந்த வயதுக்கு ஸ்கேன்தான் சரி. அதற்கான அளவு முறையை 1980-ல் வெளியிட்டவர் ஆஸ்திரியாவின் ரைன்ஹார்ட் கிராஃப். எலும்புக் கூரையின் கோணத்துக்கு அவர் வைத்த பெயர் ஆல்ஃபா. 60-ம் அதற்கு மேலும் என்றால் முதிர்ந்த நல்ல மூட்டு. 50 முதல் 59 வரை என்றால், மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அவகாசம் கொடுத்துத் திரும்பப் பார்க்கலாம். 43 முதல் 49 வரை என்றால் சிகிச்சை. அதற்கும் கீழே மூட்டு நழுவத் தொடங்கிவிட்டது. இந்தப் படிக்கட்டைப் பாருங்கள். ஒரு படியின் அகலம் பத்து டிகிரி, இன்னொன்றின் அகலம் வெறும் ஏழு. நான்கு டிகிரி தவறினால் "போய்ட்டு ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்பது "இன்னைக்கே பெல்ட் மாட்டணும்" என்று மாறிவிடும், தலைகீழாகவும் மாறும். பெல்ட் மாட்டுவது விளையாட்டு அல்ல. தேவையில்லாமல் மாட்டினாலும் தப்பாக மாட்டினாலும் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டுப்போகும் அபாயம் உண்டு.

கிராஃபே இதை எப்படிக் கையாண்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கோணம் அளப்பது அவருடைய முறையில் கடைசி வேலை. அதற்கு முன் மூன்று அடையாளங்கள் படத்தில் இருந்தே ஆக வேண்டும்: குழியின் ஆழத்தில் இலியம் எலும்பின் கீழ்முனை, இலியத்தின் நேர்க்கோடு, கூரை விளிம்பில் ஒட்டியிருக்கும் லேப்ரம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் படத்தை அளக்கக் கூடாது. ப்ரோப் நேர்வரிசை வகையாகத்தான் இருக்க வேண்டும். வயிற்று ஸ்கேனுக்கு வைக்கிற வளைந்த ப்ரோப் ஆகாது. குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைக்க ஒரு தொட்டில், ப்ரோப் சாயாமல் இருக்க ஒரு தாங்கி. ப்ரோப் தலைப்பக்கமோ கால்பக்கமோ சாய்ந்துவிட்டால் நல்ல மூட்டே கோளாறாகத் தெரியக்கூடும் என்பதால்தான் இத்தனை கெடுபிடி. ஆஸ்திரியா 1992-ல் எல்லாப் பிறந்த குழந்தைகளுக்கும் இந்த ஸ்கேனைக் கட்டாயமாக்கியபோது, அதன் பின்னால் நின்றது கருவி மட்டுமல்ல. இந்த முறையைக் கற்றுத் தேர்ந்த கைகள். நாம் கருவியை வாங்கினோம், மென்பொருளையும் வாங்கினோம். கைகளுக்குப் பயிற்சி கொடுப்பதைத்தான் பட்ஜெட்டிலேயே சேர்க்கவில்லை.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. "இரண்டு மருத்துவர் அளந்தால் இரண்டு எண் வருகிறது. ஒரே மருத்துவர் காலையிலும் மாலையிலும் அளந்தாலும் வேறுபடுகிறது. கம்ப்யூட்டர் ஒரே படத்துக்கு எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடைதானே சொல்கிறது?" நியாயமான கேள்வி. ஆனால் ஒரே விடை என்பது சரியான விடை ஆகிவிடாது. திரும்பிப் படுத்த குழந்தையின் படத்தை ஆயிரம் முறை கொடுத்தாலும் அது அந்தத் தவறான கோணத்தை ஆயிரம் முறையும் மாறாமல் சொல்லும். இரண்டு மருத்துவர்களுக்குள் வருகிற வேறுபாடாவது ஓர் எச்சரிக்கை. "இந்தப் படத்தில் ஏதோ தெளிவில்லை, திரும்பப் பாருங்கள்" என்று சொல்கிறது. மென்பொருள் அந்த எச்சரிக்கையைத் துடைத்துவிட்டு ஒரே எண்ணைக் கையில் கொடுக்கிறது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் மனிதர்கள் போட்ட கோடுகள்தான் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

தவறான படத்தை அளக்க மறுக்கிற மென்பொருள் ஒன்று வரட்டும், நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். "துளை விகிதம் சரியில்லை, எண் தர முடியாது" என்று சொல்லிவிட்டு நிற்கட்டும்.

இதற்கிடையில் வாட்ஸ்அப். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படமெடுத்து, தெரிந்த டாக்டருக்கு அனுப்புவது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். அவரும் அவசரத்துக்குப் போனிலேயே கோடு போடும் செயலியைத் திறந்து அளந்து சொல்கிறார். படத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் கோணம் மாறாது, உண்மைதான். சாய்த்துப் பிடித்தால் மாறும். ஃபிலிமுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் 30 டிகிரி சாய்ந்து போன் இருந்தால், உண்மையில் 30 டிகிரியாக இருக்கும் கோணம் படத்தில் ஏறக்குறைய 34 ஆகத் தெரியும். மேலிருந்தோ கீழிருந்தோ அதே அளவு சாய்ந்தால் 27-க்கும் குறைந்துவிடும். நடுவில் ஏழு டிகிரி. குழந்தைக்கு எதுவுமே நடக்கவில்லை. மாமா போனை எப்படிப் பிடித்தார் என்பது மட்டும்தான் மாறியது. அறிக்கைத் தாளில் படம் அடங்க வேண்டும் என்று அகலத்தைப் பத்து சதவீதம் இழுத்து ஒட்டினாலே 30 என்பது 28-ஐ விடக் கொஞ்சம் கீழே போய்விடும்.

தசமத்தின் ஆபத்து முழுசாக வெளிப்படுவது இரண்டாவது வருகையில்தான். போன முறை 31.4, இந்த முறை 29.8. "குறைஞ்சிருக்கு, பரவாயில்ல" என்று அப்பா மூச்சுவிடுகிறார். அல்லது போன முறை 31.4, இந்த முறை 33.1, இடுப்பெலும்பை வெட்டித் திருப்பிவைக்கிற சால்ட்டர் ஆபரேஷன் வரைக்கும் வீட்டில் பேச்சு போய்விடுகிறது. இந்தக் கோணத்தை அளப்பதில் நான்கைந்து டிகிரி முன்பின் ஆவது இயல்பு என்பது எலும்பு மருத்துவத்தில் பழைய பாடம். அந்த எல்லைக்குள் விழுந்த ஏற்றமும் இறக்கமும் செய்தியே அல்ல. ஒன்றரை டிகிரிக்கு நிம்மதியும் கிடையாது, பயமும் கிடையாது. ஆனால் .4 என்றும் .8 என்றும் அச்சடித்துக் கொடுத்த பிறகு, எந்தத் தகப்பனிடம் போய் இதைச் சொல்வது?

வேலூருக்கு இந்த ஞானம் புதிதல்ல. 1948-ல் பால் பிராண்ட் சிஎம்சியில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை தொடங்கினார்; 1955-லிருந்து பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் அந்தப் பணியில் சேர்ந்துகொண்டது. தொழுநோய் மறுவாழ்வில் விரல் மூட்டின் கோணத்தை அளக்கும் வழக்கத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். நோயாளி தானாக நீட்டும்போது ஒரு கோணம், சிகிச்சையாளர் பக்கத்து மூட்டைத் தாங்கிப் பிடித்து நீட்டச் சொல்லும்போது இன்னொரு கோணம். இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுவார்கள். அதே விரல், அதே மூட்டு, அதே நாள். எந்த நிலையில் வைத்து அளந்தோம் என்று எழுதாத கோணத்துக்கு அங்கே மதிப்பில்லை. பிளாஸ்டிக் கோணமானி வைத்துக்கொண்டு கடைப்பிடித்த ஒழுங்கு, கோடிக்கணக்கில் முதல் போட்ட இந்தக் காலத்தில் காணாமல் போயிருக்கிறது.

இன்னொரு பேச்சும் உண்டு, போகிற போக்கில் அதையும் தொட்டுவிடுகிறேன். நம் ஊரில் பிள்ளையை இடுப்பில் தூக்குகிறோம், கால் இரண்டும் அகன்று இருக்கிறது, அதனால் இந்த நோயே வராது, அளக்கவே வேண்டாம் என்பது. கால் அகன்ற நிலை மூட்டுக்கு நல்லது என்பது சரி. துணியில் காலை நேராக இறுக்கிச் சுற்றுவது கெடுதல் என்பதும் சரி. அதற்காக வராமலே போய்விடாது. தலைக்குப் பதில் பிட்டமோ காலோ முன்னால் வந்து பிறந்த பிள்ளைக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தவர்களின் பிள்ளைக்கும், முதல் பிரசவத்துப் பெண்குழந்தைக்கும் வாய்ப்பு அதிகம். அளவே வேண்டாம் என்பவரும் தசமம் வரை நம்புகிறவரும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரிந்தாலும் இரண்டு பேரும் குழந்தையின் மேல் கை வைத்துப் பார்க்கத் தயாராக இல்லை.

பெரியவர்களின் கதையும் வேறல்ல. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் செயற்கைக் கிண்ணத்தை எந்தக் கோணத்தில் பதிக்க வேண்டும் என்று 1978-ல் லெவினெக் குழு ஒரு பாதுகாப்பு வரம்பு சொன்னது: சாய்வு 40 டிகிரி, பத்து முன்பின், முன்நோக்கு 15 டிகிரி, பத்து முன்பின். நாற்பது வருடம் இதை வேதவாக்காக வைத்திருந்தார்கள். மேயோ கிளினிக்கில் மூட்டு நழுவியவர்களின் படங்களை எடுத்துப் பார்த்து 2016-ல் எழுதினார்கள்: 58 சதவீதம் பேரின் கிண்ணம் அந்த வரம்புக்குள்தான் இருந்தது. படுத்து எடுத்த படத்தில் கிண்ணம் சரியாகத்தான் இருந்தது. மனிதர் உட்காருகிறார், எழுகிறார். ஒவ்வொரு முறையும் இடுப்பு சாய்கிறது, கிண்ணமும் கூடவே சாய்கிறது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுகிற, குத்தவைத்து வேலை செய்கிற ஊரில் படுத்தநிலைப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு "கோணம் கச்சிதம்" என்று அறிக்கை எழுதுவதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

கடைசியாக வரும் எதிர்வாதம் காசும் கதிர்வீச்சும். "படம் சரியில்லை என்று திரும்ப எடுத்தால் பிள்ளைக்குக் கூடுதல் கதிர்வீச்சு, அம்மாவுக்கு இன்னொரு நாள் கூலி போச்சு, ஷூ கம்பெனியில் லீவு கேட்பது லேசா?" லேசல்ல. அதனால்தான் முதல் படத்தையே ஒழுங்காக எடுக்க வேண்டும் என்கிறேன். அளக்க முடியாத படத்துக்குக் கொடுத்த கதிர்வீச்சு முழுக்க வீண். அதை வைத்து முடிவெடுத்தால் கெடுதலும் சேர்ந்துகொள்ளும். அர்ணாக்கொடியைக் கழற்றவைக்கப் பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசவும், பிள்ளை அடங்கும்வரை காத்திருக்கவும் டெக்னீஷியனுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகத் தேவை. அந்த ஐந்து நிமிடத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை டோக்கன் முடித்தார் என்றுதான் கேட்கிறார்கள். மென்பொருள் உரிமத்துக்கு வருடா வருடம் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கை அவர் பக்கம் திருப்பிவிட்டாலே கோணங்கள் பாதிக்கு மேல் திருந்திவிடும் என்பது என் கணிப்பு.

எனக்குத் தெரிந்த நல்ல அறிக்கை இப்படி இருக்கும்: "இடது சுமார் 31, வலது சுமார் 24. இடுப்பு சற்றே இடப்பக்கம் திரும்பியுள்ளது; துளை விகிதம் 1.3, அளக்கத் தக்கது. வெளிவிளிம்பு எலும்பின் கடைசி முனையில் எடுக்கப்பட்டது. அடுத்த படமும் இதே நிலையில், இதே புள்ளிகளோடு." இதை வாங்கிப் பார்க்கிற அப்பா, பக்கத்து சென்டரில் புள்ளி போட்டுக் கொடுக்கிறார்களே, இங்கே 'சுமார்' என்று எழுதியிருக்கிறார்களே என்று கவுன்ட்டரில் கேட்கத்தான் செய்வார். கேட்கட்டும். அவருக்கு நின்று பதில் சொல்ல ஓர் ஆளை அங்கே உட்காரவைப்பதும் அளவெடுக்கிற வேலையில் சேர்த்திதான்.